பெயரும் கடனும்: குங்ஃபூ ஆசான் இப் மேன் வாழ்வும் திரைப்படங்களும்

முன்னுரை

வாழ்க்கை வரலாற்று இலக்கியம் என்னும் பகுதியைப் பயிற்றுவிக்கும்போது, தாம் மதிக்கும் ஒருவரின் வரலாற்றை நான்கு பக்க அளவில் எழுதித் தருமாறு மாணவரைக் கேட்பது நம் வழக்கம். பெரும்பாலோர் தலைவர்களைப் பற்றி எழுதுவர். சிலர் தம் பாட்டனாரைப் பற்றி எழுதுவர். அண்மையில் ஒரு மாணவர் 'இப் மேன்' என்னும் சீனக் குங்ஃபூ ஆசானைப் பற்றி எழுதித் தந்தார். நடை தெளிவாக இருந்தது. ஒற்றுப்பிழைகள் கூட மிகுதியில்லை. இப் மேன் சப்பானியப் படைத்தலைவன் ஒருவனை ஊரார் முன்னிலையில் அடித்து வீழ்த்தியதும், குண்டடிபட்ட நிலையில் மனைவி மகனோடு ஹாங்காங்குக்குத் தப்பியதும், அங்கே ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரன் ஒருவனை வென்றதும், பின்னர் நோயுற்ற மனைவியின் அருகிருந்து பேணியதும் உணர்ச்சியோடு எழுதப்பெற்றிருந்தன.

"இச்செய்திகளை எந்த நூலில் படித்தீர், தம்பி?" என்று கேட்டோம்.

"படிக்கவில்லை ஐயா, படத்தில் பார்த்தேன். அவர் உண்மையில் வாழ்ந்தவர்தானே? பெயர்கூட அதே பெயர்தானே?" என்றார் அவர்.

அம்மாணவர் கூறிய நான்கு நிகழ்ச்சிகளையும் பின்னர் நாம் தேடிப் பார்த்தோம். அவற்றுள் ஒன்றேனும் அவ்வாறு நடந்ததற்குச் சான்றில்லை. எனினும் அவர் பொய் எழுதவில்லை, நம்பியதை எழுதினார். நம்பியதற்கு அவர் காட்டிய காரணம் ஒன்றே: பெயர் அதே பெயர். உண்மையில் வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய படைப்பு, அவருக்கும் அதனைக் காண்போருக்கும் எத்தகைய கடன்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயர் சுட்டும் மரபு

இவ்வினா தமிழிலக்கண மரபிற்குப் புதியதன்று. உலகில் நிகழ்வதை உள்ளவாறு கூறுவதை உலகியல் வழக்கு என்றும், சுவை தோன்றப் புனைந்து கூறுவதை நாடக வழக்கு என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டுவார். இவ்விரண்டும் கலந்ததே புலவர் பாடும் நெறி என்பதும் அவர் கருத்து. ஆகவே புனைவு குற்றமன்று. புனைவின்றிப் பாடலும் இல்லை.

ஆயினும் இதனை அடுத்தே ஆசிரியர் மற்றொரு வரையறையையும் வைத்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைமக்களுள் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பதே அவ்வரையறை. பெயர் சுட்டுதல் புறத்திணைக்கே உரியது. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் யாண்டும் கூறப்படவில்லை. எனினும் பாண்டியர்க்குரிய வேம்பு வேலில் கட்டப்பெற்ற செய்தி வருவதால், அதனை அகம் எனக் கொள்ளாது புறம் எனவே கொண்டார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளப் பூ போதும், பாட்டின் வகையே மாறிவிடும் என்று நம் முன்னோர் கருதினர். பெயரற்ற தலைவன் எல்லாருக்கும் பொதுவானவன். அவன் வாழ்வைப் புலவன் விரும்பியவாறு அமைக்கலாம். பெயருள்ளவனுக்கோ ஊர் உண்டு, சுற்றம் உண்டு, காலம் உண்டு. இவ்வேறுபாட்டையே அளவுகோலாகக் கொண்டு இப் மேன் பற்றிய படங்களை அளந்து பார்ப்போம்.

வரலாற்றில் இப் மேன்

சீனத்தின் தென்பகுதியிலுள்ள குவாங்டொங் மாநிலத்து ஃபோஷான் நகரில், 1893ஆம் ஆண்டு, செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர் இப் மேன். இளமையில் சான் வா-ஷுன் என்னும் முதிய ஆசானிடம் 'விங் சுன்' என்னும் குங்ஃபூப் பிரிவைக் கற்கத் தொடங்கினார். அவ்வாசானின் இறுதி மாணவர் இவரே என்பர். பின்னர் ஹாங்காங்கில் கல்வி பயின்றபோது, தம் ஆசானுக்கு ஆசானாகிய லியூங் ஜான் என்பாரின் மகன் லியூங் பிக்கிடம் மேலும் கற்றதாக இப் மேன் கூறியுள்ளார். இதனை ஐயுறுவாரும் உளர்.

ஃபோஷானுக்குத் திரும்பிய அவர் காவல்துறையில் பணியாற்றினார். அக்காலத்தில் அவர் பள்ளி எதனையும் நிறுவவில்லை. 1938இல் சப்பானியப் படை அந்நகரைக் கைப்பற்றியது. போர்க்காலத்தில் குடும்பச் செல்வம் கரைந்தது. 1949இல் சீனத்தில் பொதுவுடைமைக் கட்சி வென்று ஆட்சி அமைத்த காலத்தையொட்டியே இப் மேன் ஊரைவிட்டு ஹாங்காங் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது. மனைவி சியூங் விங்-சிங் ஃபோஷானிலேயே தங்கினார். பின்னர் எல்லை மூடப்பட்டது. 1960இல் அவ்வம்மையார் ஃபோஷானிலேயே காலமானார். கணவர் அருகில் இல்லை. மகன்மார் இப் சுன், இப் சிங் இருவரும் 1962இல்தான் ஹாங்காங் வந்து தந்தையோடு சேர்ந்தனர்.

ஹாங்காங்கில் அவருக்கு முதலில் இடம் தந்தது உணவகத் தொழிலாளர் சங்கம். 1950இல் அச்சங்கத்தைச் சேர்ந்தவர்க்கே அவர் முதலில் கற்பித்தார். செல்வர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, பிழைப்புக்காகக் கலையைக் கற்பிக்க வேண்டிய நிலைக்கு முதுமையில் வந்தவர் அவர். அங்கிருந்து அவர் மாணவர் பெருகினர். அவருள் ஒருவரே, 1950களின் நடுப்பகுதியில் சிறுவராக வந்து சேர்ந்த புரூஸ் லீ. 1967இல் விங் சுன் சங்கம் முறையாக அமைக்கப்பெற்றது. 1972 டிசம்பர் 2ஆம் நாள் புற்றுநோயால் இப் மேன் மறைந்தார்.

சுருங்கக் கூறின், இவ்வாழ்வில் பெரும்போர் எதுவும் இல்லை. பிரிவு உண்டு, வறுமை உண்டு, முதுமையில் தொடங்கிய உழைப்பு உண்டு.

திரையில் இப் மேன்

2008இல் வில்சன் யிப் இயக்கத்தில் டோனி யென் நடித்த 'இப் மேன்' வெளிவந்தது. சண்டைக் காட்சிகளை அமைத்தவர் சம்மோ ஹங். அப்படத்தில் இப் மேன் பதின்மர் கராத்தே வீரரைத் தனியொருவராக நின்று வெல்கிறார். மியூரா என்னும் சப்பானியத் தளபதியோடு பலர் காணப் பொருதுகிறார். அத்தளபதி கதைக்காகப் படைக்கப்பெற்றவன். இறுதியில் இப் மேன் குண்டடிபட்டுக் குடும்பத்தோடு தப்பிச் செல்கிறார். 2010இல் வந்த இரண்டாம் படத்தில் ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரனும், 2019இல் வந்த நான்காம் படத்தில் அமெரிக்கப் படைவீரனும் எதிரிகளாயினர். எதிரியின் நாடு மாறுகிறது. கதையின் அமைப்பு மாறவில்லை. வெளிநாட்டான் இகழ்கிறான், ஆசான் பொறுக்கிறார், பொறுமை எல்லை கடக்கிறது, இகழ்ந்தவன் வீழ்கிறான். சீனரின் அவமான உணர்வுக்கு மருந்தாக அமைந்த இவ்வமைப்பு காண்போரை ஈர்த்ததில் வியப்பில்லை. சப்பானிய ஆட்சியில் சீன மக்கள் பட்ட துன்பம் உண்மை. அத்துன்பத்திற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. இப் மேன் முகம் கிடைத்தது.

ஆனால் இரு மாற்றங்கள் நம்மைத் தயங்கச் செய்கின்றன. முதலாவது, ஊரைவிட்டு நீங்கிய காரணம். ஆட்சி மாறியதையொட்டி நீங்கியவரைச் சப்பானியக் குண்டுக்குத் தப்பி நீங்கியவராக்கியது முதற்படம். ஒருவர் பிறந்த மண்ணை ஏன் துறந்தார் என்பது அவர் வாழ்வின் அச்சாணி. அதனை மாற்றினால் வண்டி வேறு பாதையில் ஓடும்.

இரண்டாவது, மனைவி. 2015இல் வெளிவந்த மூன்றாம் படத்தில் இப் மேனின் மனைவி ஹாங்காங்கில் அவரோடு வாழ்கிறார்; புற்றுநோயுறுகிறார்; கணவர் தம் கலையையும் போட்டியையும் ஒதுக்கிவிட்டு அவர் அருகிலேயே இருக்கிறார். அப்படத்தின் சிறந்த பகுதி இதுவே என்பதில் ஐயமில்லை. நம் மாணவரும் இப்பகுதியைத்தான் உருக்கமாக எழுதியிருந்தார். ஆயின் வரலாற்றில் அவ்வம்மையார் பத்தாண்டுப் பிரிவுக்குப் பின் எல்லைக்கு அப்பால் தனியே மறைந்தார். வாழ்வு மறுத்த ஒன்றைத் திரைப்படம் அம்முதியவர்க்கு வழங்கியது. இதனை இரக்கம் என்பதா, இழைத்த தவறு என்பதா? நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். இரக்கமே எனினும், அவ்விரக்கத்தின் விலை ஒரு பெண்ணின் உண்மைத் துயரம் அழிந்துபோதல். காத்திருந்து மறைந்தவரின் காத்திருப்பு யாருக்கும் தெரியாமற் போயிற்று.

மேற்கூறிய முதற்படத்திற்கு இப் மேனின் மகன் இப் சுன் ஆலோசகராக இருந்தார். 2010இல் வெளிவந்த வேறொரு படத்தில் தம் தந்தையின் ஆசான் லியூங் பிக்காக அவரே நடித்தும் உள்ளார். எனவே குடும்பத்தார் இசைவின்றி இவை நடந்தன எனக் கூற இயலாது. எனினும் குடும்பத்தாரின் இசைவு குடும்பத்திற்குரிய கடனையே தீர்க்கும். காண்போர்க்குரிய கடனைத் தீர்க்காது.

இவற்றோடு ஒப்பிடத்தக்கது, 2013இல் வோங் கார்-வாய் இயக்கத்தில் டோனி லியூங் நடித்து வெளிவந்த படம். ஆங்கிலத்தில் 'தி கிராண்ட்மாஸ்டர்' என வழங்குவது. அதுவும் புனைவு கலந்ததே. வடசீன ஆசான் ஒருவரின் மகளாகிய கோங் எர் என்னும் பெண்ணும், அவளுக்கும் இப் மேனுக்கும் இடையே தோன்றிச் சொல்லப்படாமலே போகும் அன்பும் கற்பனை. ஆனால் இயக்குநர் அக்கற்பனைக்குக் கற்பனைப் பெயரையே இட்டார். ஃபோஷானில் மனைவியை விட்டு வந்த பிரிவையும் அவர் மறைக்கவில்லை. புனைவுக்குப் புதுப்பெயர், உண்மைக்கு உண்மைப்பெயர் என்னும் நேர்மை அங்கே ஓரளவு காணப்படுகிறது.

முன்னோடி இருவர்

இப்போக்கு இப் மேனிடம் தொடங்கியதன்று. ஃபோஷான் பகுதியில் பிறந்த மற்றொரு புகழ்பெற்ற ஆசான் வோங் ஃபெய்-ஹங். இவர் மருத்துவருமாவார். குவாங்சௌ நகரில் இவர் நடத்திய 'போ சி லாம்' மருத்துவமனை 1924ஆம் ஆண்டுக் கலவரத்தில் அழிந்தது. அடுத்த ஆண்டு இவரும் மறைந்தார். மனைவி மொக் குவாய்-லான் ஹாங்காங் சென்று தாமும் கலையைக் கற்பித்து வாழ்ந்தார். 1949இல் குவான் தக்-ஹிங் நடிப்பில் வோங் பற்றிய முதற்படம் ஹாங்காங்கில் வந்தது. அந்நடிகரே எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் வோங்காக நடித்தார். 1956ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ இருபத்தைந்து படங்கள் வெளிவந்தன. 1978இல் ஜாக்கி சான் நடிப்பில் வோங் குறும்புக்கார இளைஞரானார். 1991இல் ஜெட் லீ நடிப்பில் நாட்டைக் காக்கும் வீரரானார். ஒரே பெயர், முதலில் அறவுரை கூறும் பெரியவர், பின் விளையாட்டுப் பிள்ளை, பின் நாட்டுப்பற்றாளர். இத்தனை உருவங்களுக்கிடையே, எரிந்த மருத்துவமனையைக் கண்டு மறைந்த முதியவர் எங்கோ ஒதுங்கிவிட்டார்.

மற்றொருவர் தியன்சின் பகுதியைச் சேர்ந்த ஹுவோ யுவான்ஜியா. 1910இல் ஷாங்காயில் தோன்றிய 'ஜிங்வு' உடற்பயிற்சிக் கழகத்தோடு இவர் பெயர் பிரிக்க இயலாதது. அதே ஆண்டில் இவர் மறைந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்னும் நம்பிக்கை மக்களிடையே பரவியது. 1972இல் புரூஸ் லீ நடித்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' அந்நம்பிக்கையின் மேல் எழுந்தது. அதில் ஆசானின் சாவுக்குப் பழிவாங்கும் சென் ஜென் என்னும் மாணவன் கற்பனைப் பாத்திரம். படத்தின் பெருஞ்சினம் முழுவதையும் கற்பனைத் தோள்மீது ஏற்றியதால், வரலாற்று மாணவர் எவர் மேலும் இல்லாத கொலைப்பழி விழவில்லை.

2006இல் ஜெட் லீ நடித்த 'ஃபியர்லெஸ்' வேறு வழியிற் சென்றது. பெயரோடு ஹுவோவையே தலைவராக்கி, அவர் செருக்கின் விளைவாகத் தாயும் மகளும் கொல்லப்படுவதாகக் காட்டியது. உண்மையில் அவருக்கு மக்களும் பெயரர்களும் உண்டு. பெயரர் ஒருவர் முதுமையில் நீதிமன்றம் சென்று, தம் பாட்டனார் வரலாறு திரிக்கப்பட்டதென வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. சட்டம் புனைவுக்கு இடம் தந்தது, தருவதும் முறையே. ஆனால் தம் குடும்பம் வேரோடு அழிந்ததாகத் திரையில் கண்ட ஒருவர், உயிரோடு அமர்ந்து அதனைப் பார்த்த நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சட்டம் தீர்த்துவைக்காத கணக்கும் உண்டு.

காட்சியும் தொடுகையும்

படைப்பாளர் ஏன் இவ்வாறு செய்கின்றனர்? பணம் மட்டுமே காரணம் எனல் எளிது, ஆனால் போதாது. கலையின் இயல்பிலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. விங் சுன் பயிற்சியின் உயிர்நாடிகளுள் ஒன்று, 'ஒட்டும் கை' எனப் பொருள்படும் சீ சௌ. இருவர் எதிரெதிர் நின்று முன்கைகளை ஒட்டவைத்து, எதிராளியின் அழுத்தத்தைத் தோலால் உணர்ந்து விடையிறுப்பது அது. கண்ணால் காண்பதற்கு முன் கை அறிந்துகொள்ள வேண்டும். மாணவன் கையை ஆசான் கை தொட்டுத் திருத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் திருத்த வேண்டும். திரைப்படக் கருவிக்குக் கண் உண்டு, தோல் இல்லை. இருவர் கைகள் மெல்ல உருள்வதையே அது காட்டும். அவர்களுக்கிடையே கடக்கும் அறிவைக் காட்டாது. ஆகவே அது எதிரியைத் தேடுகிறது. இல்லாத எதிரியைப் படைக்கிறது.

இங்கே 1972ஆம் ஆண்டின் இரு படச்சுருள்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டில்தான் புரூஸ் லீயின் மேற்குறித்த படம் திரைக்கு வந்தது. மாணவர் பெயர் நாடெங்கும் ஒலித்தது. அதே ஆண்டில், இறப்பதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், இப் மேன் தம் பயிற்சி முறைகளை 8 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிவு செய்வித்தார். 'சிறு எண்ணம்' எனப் பொருள்படும் முதற்பயிற்சியும், அடுத்த பயிற்சியும், மரப்பொம்மைப் பயிற்சியும் அதில் உள்ளன. எதிரி இல்லை, கதை இல்லை. நோயுற்ற முதியவர் ஒருவர் நின்ற இடத்தில் நின்று கைகளை நகர்த்துகிறார். தம் மறைவுக்குப் பின் மாணவர் முறை தவறிவிடக்கூடாது என்னும் கவலை ஒன்றே அதன் கரு. இப் மேன் வாழ்வைக் காட்டும் படங்களுள் அவரே தம் பெயருக்குத் தாமே பொறுப்பேற்று நின்றது இஃதொன்றே. நாடக வழக்கு சிறிதுமற்ற இச்சுருளைப் பார்த்த பின்னரே, பிற படங்களின் புனைவு எவ்வளவு என்பது விளங்கும்.

எதனை மாற்றலாம்?

இதனால் குங்ஃபூ ஆசான்களின் வாழ்வைப் படமாக்கவே கூடாது என்பது நம் கருத்தன்று. இப்படங்களால்தான் விங் சுன் கலையை உலகெங்கும் பலர் அறிந்தனர்; நம் மாணவரும் இப் மேன் பெயரை அவற்றால்தான் அறிந்தார். புனைவை ஒரேயடியாக விலக்கினால் காப்பியங்கள் அனைத்தையும் விலக்க நேரும். அளவு காண்பதே செய்யத்தக்கது.

வரலாறு எழுதிவைக்காத இடங்களைப் படைப்பாளர் நிரப்பலாம். ஒருவர் தனியே இருந்தபோது என்ன பேசினார், எவ்வாறு நடந்தார் என்பன சான்றற்றவை. ஆங்கே கற்பனைக்கு உரிமை உண்டு. திறமையை மிகுத்துக் காட்டலாம்; ஒருவரை வென்றவர் பதின்மரை வென்றார் என்பது உயர்வு நவிற்சி; காண்போரும் அதனை அவ்வாறே கொள்வர். ஆனால் வரலாறு தெளிவாகக் கூறும் மூன்றைப் பெயரோடு வைத்துக்கொண்டு மாற்றலாகாது. அவர் யாரோடு வாழ்ந்தார், யாரைப் பிரிந்தார் என்பது ஒன்று; வாழ்வின் திருப்பங்களுக்குக் காரணம் யாது என்பது மற்றொன்று; பிறர் செய்யாத கொடுமையைச் செய்ததாகவோ, படாத துன்பத்தைப் பட்டதாகவோ கூறாமை மூன்றாவது. இம்மூன்றையும் மாற்றியே ஆகவேண்டுமெனின் வழி உண்டு. பெயரை மாற்றிவிடலாம். பெயரற்ற தலைவனுக்கு அகத்திணையில் வாசல் திறந்தே இருக்கிறது.

முடிவுரை

அம்மாணவரிடம் கட்டுரையைத் திருப்பித் தந்தோம், மதிப்பெண் இடவில்லை. இக்கட்டுரையில் கூறிய செய்திகளைச் சொல்லி, மீண்டும் எழுதி வருமாறு கூறினோம். இரண்டு வாரம் கழித்து வந்தார். இம்முறை தளபதி இல்லை. குத்துச்சண்டை வீரன் இல்லை. உணவகத் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கி, எல்லைக்கு அப்பால் மறைந்த மனைவியைக் கூறி, 8 மில்லிமீட்டர் சுருளில் முடித்திருந்தார்.

"சண்டையே இல்லாமல் போய்விட்டது ஐயா. இதை யார் படிப்பார்கள்?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

நாம் இருமுறை படித்தோம் என்று கூறினோம். அது முகமனுரை அன்று. முதற்கட்டுரையை ஒருமுறைதான் படித்திருந்தோம்.

வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதப்போகும் மாணவர் அனைவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக. நீவிர் எழுதுவது பாட்டனார் வரலாறாயினும், ஊர்ப் பெரியவர் வரலாறாயினும், உமக்கு எழுத்தறிவித்தவர் வரலாறாயினும், அவர் பெயரை முதல் வரியில் எழுதிய நொடியிலேயே ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறீர். அவர் வாழ்வு சுவையற்றது எனத் தோன்றினால், எதிரியைப் படைக்க முற்படாதீர். இன்னும் சற்றுத் தேடுவீர். மறைந்தவர் எழுந்து வந்து மறுத்துரைக்க இயலாது. அவர்க்காக மறுத்துரைக்கும் கடமை எழுதுகோல் ஏந்தியவர்க்கே உரியது.